91-க்கு 10 புள்ளி, 90-க்கு 9, 81-க்கும் அதே 9: சிஜிபிஏ நியாயமான அளவுகோலா?

அரைப்புள்ளி கேட்டது:

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான ரெகுலேஷன் 2017 என்ற விதித்தொகுப்பின் கிரேடு அட்டவணையை வைத்து ஒரு கணக்கு போட்டேன். 91 முதல் 100 வரை ஓ கிரேடு, 10 புள்ளி. 81–90 ஏ பிளஸ், 9. 71–80 ஏ, 8. 61–70 பி பிளஸ், 7. 50–60 பி, 6. அதற்குக் கீழே அரியர்.

இரண்டு மாணவர்கள், நான்கு பாடங்கள், எல்லாமே 3 கிரெடிட் (பாடத்தின் எடை) என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர்: 91, 91, 71, 71. கூட்டினால் 324, சராசரி 81. புள்ளிகள் 10, 10, 8, 8. எஸ்ஜிபிஏ, அதாவது ஒரு செமஸ்டரின் புள்ளிச் சராசரி, 9.0 (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரிதான் சிஜிபிஏ).

இரண்டாமவர்: 90, 90, 80, 80. கூட்டினால் 340, சராசரி 85. புள்ளிகள் 9, 9, 8, 8. எஸ்ஜிபிஏ 8.5.

16 மார்க் குறைவாக எடுத்தவர் அரைப் புள்ளி முன்னால் நிற்கிறார். கணக்கில் எங்கேயாவது தப்பு விட்டிருக்கிறேனா? இல்லையென்றால் இதை எப்படி நியாயம் என்கிறார்கள்? சதவீதமாகவே வைத்திருந்தால் இந்தக் கூத்து இருக்காதே? இன்னொன்று, வேலை விண்ணப்பத்தில் சதவீதம் கேட்கிறார்கள். பத்தால் பெருக்கினால் முதலாமவருக்கு 90 வருகிறது. அவர் வாங்கியது 81. இந்த 9 மார்க் எங்கிருந்து முளைத்தது?

---

சிவப்புமை பதில்:

கணக்கு சரி. அப்படித்தான் வரும். ஆனால் 91-க்கும் 90-க்கும் நடுவே அநியாயம் நடக்கிறது என்று சொல்லும் முன், அந்த 91 எப்படி வந்தது என்று பாருங்கள்.

தியரி வினாத்தாளில் பகுதி அ பத்து கேள்வி, தலா 2 மார்க். பகுதி ஆ ஐந்து கேள்வி, தலா 13. பகுதி இ ஒரே கேள்வி, 15. மொத்தம் 100. இரண்டு மார்க் கேள்வியில் பெரிய தகராறு வராது. 13 மார்க் விடைதான் சிக்கல். படம் சரி, சமன்பாட்டைத் தருவித்த விதம் சரி, கடைசி எண் தப்பு: ஒருவர் 9 போடுவார், இன்னொருவர் 11 போடுவார். இருவருமே விடைக்குறிப்பைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். ஒரு 13 மார்க் விடைக்கு ஒன்றரை மார்க் அங்கே இங்கே ஆகலாம் என்று வைத்தால், ஐந்து விடைக்கும் சேர்த்து மூன்று மூன்றரை மார்க் ஆடும். அதுவும் ஏற்றமும் இறக்கமும் கலந்து வந்தால்தான். திருத்துபவர் கையிறுக்கமானவர் என்றால் ஐந்திலும் குறையும், ஏழு மார்க்கையும் தாண்டும்.

ஆக 90-ம் 91-ம் வேறு வேறு என்று சதவீதம் சொல்வதே கொஞ்சம் பொய்தான். தராசு மூன்று கிராம் ஆடும்போது ஒரு கிராம் வித்தியாசத்துக்கு விலை பேசுவது போல. அந்த ஆட்டத்தை ஒரு பட்டைக்குள் அடக்கத்தான் கிரேடு வந்தது.

இப்போது எதிர்ப்பக்கம். 81-ம் 90-ம் ஒன்று என்பது இன்னும் பெரிய பொய். ஒன்பது மார்க் என்பது திருத்தும் பிழையைத் தாண்டிய வித்தியாசம். அதைக் கிரேடு விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, பட்டைக்குள் அடக்கிய ஆட்டம் எல்லாம் எல்லைக்கோட்டில் போய்க் குவிகிறது. 85 எடுத்தவருக்கு மூன்று மார்க் ஆடினால் ஒன்றும் ஆகாது. 90 எடுத்தவருக்கு ஒரு மார்க் ஆடினாலே ஒரு முழுப் புள்ளி.

அந்த ஒரு புள்ளியின் விலை என்ன என்பதையும் போட்டுப் பார்க்கலாம். நான்கு வருடத்தில் மொத்தம் 160 கிரெடிட் என்று வைத்தால், 3 கிரெடிட் பாடத்தில் ஒரு புள்ளி போனால் 3-ஐ 160-ஆல் வகுக்க வேண்டும்: சிஜிபிஏவில் 0.019. ஐம்பது சொச்சம் பாடங்களில் எல்லைக்கோட்டு அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் வந்து ஓரளவு சமனாகிவிடும். உங்கள் உதாரணத்தில் முதலாமவர் நான்கு பாடத்திலும் பட்டையின் அடிவிளிம்பிலேயே நிற்கிறார், இரண்டாமவர் நான்கிலும் மேல்விளிம்பில். எட்டு செமஸ்டரும் அப்படியே நடப்பது அபூர்வம். முதல் வகுப்புக்கு 6.5, டிஸ்டிங்ஷனுக்கு 8.5 என்ற கோட்டுக்கு அருகில் நிற்பவர்களுக்கு மட்டும் இந்த 0.019 உயிர்போகும் விஷயம்.

---

தேவையில்லாதஎண் பதில்:

இவ்வளவு சுற்றி வளைக்கத் தேவையில்லை. வாங்கிய மார்க்கை அப்படியே போட வேண்டியதுதானே? 85 என்றால் 85. பத்து புள்ளி, பட்டை, எல்லை எதுவும் வேண்டாம்.

---

சிவப்புமை பதில்:

மார்க்கை அப்படியே வைத்தால் தீரும் என்றால் பொறியியல் கலந்தாய்வில் தீர்ந்திருக்க வேண்டும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட் ஆஃப். கிரேடே கிடையாது. விளைவு: அரை மார்க்குக்குள் பெருங்கூட்டம், சமமானால் பாடவாரியாக ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அதிலும் பிரிக்க முடியாதபோது கடைசியில் ரேண்டம் எண். கம்ப்யூட்டர் போட்ட சீட்டுக்குலுக்கல் அது. அதுவும் அளவுகோல்தான்.

வேறு போர்டில் படித்தவர்களின் மார்க்கை என்ன செய்வார்கள் தெரியுமா? ஒரு பாடத்தில் மாநிலப் போர்டின் உச்ச மார்க் 100, மற்றப் போர்டின் உச்ச மார்க் 90 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு 66.67 என்று ஏற்றுவார்கள். அதாவது "60 என்றால் 60" என்பதை அரசு விதியே நம்பவில்லை. வினாத்தாள் மாறினால் மார்க்கின் மதிப்பு மாறும் என்பதுதான் காரணம். சிக்னல்ஸ் பாடத்தில் 70-ம் சுற்றுச்சூழல் பாடத்தில் 70-ம் ஒன்றா?

---

ஐம்பதாறு பதில்:

அரைப்புள்ளி, நீங்கள் 2017 அட்டவணையை எடுத்திருக்கிறீர்கள். ரெகுலேஷன் மாறினால் கதையே மாறும். 55 மார்க்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெகுலேஷன் 2013-ல் 50–56 இ கிரேடு, 5 புள்ளி. 2017-ல் 50–60 மொத்தமும் பி, 6 புள்ளி. 2021-ன் நிலையான பட்டையில் 50–55 சி, மறுபடி 5 புள்ளி. ஒரே 55, மூன்று பேட்ச். எல்லாப் பாடத்திலும் 55 வாங்கியவர் நடு பேட்ச்சில் பிறந்திருந்தால் 6.0, மற்ற இரண்டிலும் 5.0. கம்பெனிக்காரர் இதையெல்லாம் பார்ப்பதில்லை, எண்ணை மட்டும் பார்ப்பார்.

2021-ல் இன்னொரு பெரிய மாற்றம். பாடத்தை எழுதியவர்கள் 30 பேர் அல்லது அதற்குக் குறைவு என்றால் மட்டும் நிலையான பட்டை. 30-க்கு மேல் போனால் ரிலேட்டிவ் கிரேடிங், அதாவது கூட எழுதியவர்களோடு ஒப்பிட்டுக் கிரேடு. முதலில் தேர்ச்சி பார்ப்பார்கள்: செமஸ்டர் தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம், இன்டர்னலும் (கல்லூரியே போடும் உள் மதிப்பீடு) சேர்த்து 50. தேறியவர்களின் மார்க்கை மட்டும் மென்பொருளில் ஏற்றி, பாக்ஸ்-காக்ஸ் என்ற உருமாற்றத்தைச் செய்து, அந்தப் பாடத்துக்கென்று தனியாகக் கிரேடு எல்லைகளை எடுப்பார்கள்.

பாக்ஸ்-காக்ஸ் என்றதும் மார்க்கைக் கண்டபடி மாற்றுகிறார்கள் என்று பயப்பட வேண்டாம். சில பாடங்களில் மார்க் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும்: 50-லிருந்து 60-க்குள் பாதிப் பேர், பிறகு நீளமாக ஒரு வால். அந்தச் சாய்வை நிமிர்த்தி மணி வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. ஒரு விஷயத்தை அது தொடாது: வரிசை. ஒரே பாடத்தில் உங்களைவிடக் குறைந்த மார்க் எடுத்தவர் உங்களுக்கு மேல் கிரேடு வாங்க முடியாது.

எங்கே கோளாறு என்றால், எல்லோரும் நன்றாக எழுதும் பாடத்தில். எலெக்டிவ் (விருப்பப் பாடம்) ஒன்றில் 80-லிருந்து 95-க்குள் எல்லோரும் நின்றால், 82 வாங்கியவர் நிலையான பட்டையில் ஏ பிளஸ், இங்கே கீழ்க் கிரேடுக்குப் போய்விடலாம். மாறாக, வினாத்தாள் கழுத்தை நெரித்த பாடத்தில் 75-க்கே மேல் கிரேடு கிடைக்கலாம். கடினமான தாளுக்கு இது நியாயம். எளிய தாளுக்கும் நியாயம்தான் என்று வாதாடலாம். ஆனால் நல்ல ஆசிரியர் வாய்த்து வகுப்பே தேறிய இடத்தில் இது தண்டனை.

அந்த 30 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். சராசரி எவ்வளவு நம்பகமானது என்பது ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மார்க்கின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி மார்க் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்ற அளவு) 12 என்றால், 30 பேரில் சராசரியே 2.2 மார்க் ஆடும். 120 பேரில் 1.1. பத்துப் பேர் என்றால் 3.8. பத்துப் பேர் வகுப்பில் இரண்டு கெட்டிக்காரர்கள் சேர்ந்தால் எல்லைக்கோடு எல்லாம் நகர்ந்துவிடும். அதனால்தான் சின்ன வகுப்புக்கு நிலையான பட்டை.

மறுமதிப்பீடு போடுபவர்களுக்கு ஒன்று. விடைத்தாள் நகல் வாங்கினால் அதில் இருப்பது 100-க்கான மார்க். 2021-ல் தியரிக்கு அது 60 ஆகச் சுருங்கும், இன்டர்னல் 40. இன்டர்னல் 34, விடைத்தாளில் 76 என்றால் 45.6 சேர்ந்து 79.6. நிலையான பட்டையில் 81-ஐத் தொட விடைத்தாளில் 79 வேண்டும், அதாவது மூன்று மார்க் கூட வேண்டும். நகலைப் புரட்டி, கூட்டலில் விட்டதோ திருத்தாமல் விட்டதோ மூன்று மார்க்குக்குத் தேறுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். பட்டையின் நடுவில் நிற்பவர் ஐந்து மார்க் ஏறினாலும் கிரேடு மாறாது, காசுதான் கரியாகும்.

---

படிவம்நிரப்பி பதில்:

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். முளைத்த அந்த 9 மார்க். என்னைக் கேட்டால் கிரேடு பெரிய அநியாயம் இல்லை. கிரேடைத் திரும்பவும் சதவீதமாக்கும் இடத்தில்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள்.

81-லிருந்து 90 வரைக்கும் 9 புள்ளி. பட்டையின் நடு 85.5. பத்தால் பெருக்கினால் 90. அதாவது எல்லோரையும் பட்டையின் உச்சியில் தூக்கி வைக்கிறோம். சராசரியாக நாலரை மார்க் இனாம். உங்கள் முதலாமவர் அடிவிளிம்பில் இருந்ததால் இனாம் ஒன்பதாகிவிட்டது.

இதைச் சரிக்கட்ட ஒவ்வொருவரும் ஒரு வழி பிடித்தார்கள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 2010 முதல் 2017 வரை சிஜிபிஏ இருந்தபோது 9.5-ஆல் பெருக்கச் சொன்னார்கள். ஏ1 வாங்கியவர்களின் சராசரி மார்க் ஏறக்குறைய 95 என்பதால், அதைப் பத்தால் வகுத்து வந்த எண் அது. 9 புள்ளிக்கு 85.5, பட்டையின் நடுவில் கச்சிதமாக விழுகிறது. 6 புள்ளிக்கு 57, அங்கே நடு 55.5. கீழே போகப் போகக் கொஞ்சம் தாராளம்.

ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அட்டவணையில் 6.25-க்கு 55, 6.75-க்கு 60, 7.25-க்கு 65, 7.75-க்கு 70, 8.25-க்கு 75. அதாவது சிஜிபிஏவில் 0.75 கழித்துப் பத்தால் பெருக்குவது. கர்நாடகத்தின் விடியூ (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) நெடுநாள் வைத்திருந்ததும் இதே கணக்கு. மும்பைப் பல்கலைக்கழகப் பொறியியலில் 7.1-ஆல் பெருக்கி 11 கூட்டினார்கள். அங்கே 80-க்கு மேல் போனாலே 10 புள்ளி, 75-லிருந்து 79.99 வரை 9. அதனால் சூத்திரம் அப்படி இறங்குகிறது. அண்ணா பல்கலையில் பத்தால் பெருக்குவது வழக்கம்.

இப்போது 8.0 சிஜிபிஏ என்ற ஒரே எண்ணை எல்லாவற்றிலும் போடுங்கள். அண்ணா வழக்கப்படி 80. சிபிஎஸ்இ முறையில் 76. ஏஐசிடிஇ முறையில் 72.5. மும்பை முறையில் 67.8.

விளிம்பில் இன்னும் மோசம். 6.5 சிஜிபிஏ என்றால் அண்ணாவில் முதல் வகுப்பு, பத்தால் பெருக்கினால் 65. ஏஐசிடிஇ அட்டவணையில் வைத்தால் 57.5, அறுபது சதவீதம் கேட்கும் இடத்தில் வாசலிலேயே நிற்க வேண்டும். முதல் வகுப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு 60 இல்லை என்று திரும்புவது இப்படித்தான்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் சூத்திரம்தான் உங்களுக்குச் செல்லும், பக்கத்துப் பல்கலையுடையது அல்ல. அது மதிப்பெண் பட்டியலின் பின்பக்கமோ ரெகுலேஷனிலோ இருந்தால் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து வையுங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து கன்வர்ஷன் சான்றிதழ் வாங்குங்கள், அழைப்பு வந்த பிறகு அல்ல, விண்ணப்பிக்கும்போதே. அறிவிக்கையே தனிச் சூத்திரம் சொன்னால் அதைத்தான் போட வேண்டும். முழு எண்ணாக்கவே வேண்டாம். 59.99 என்றால் 60-க்குக் குறைவாகவே கொள்ளப்படும் என்று வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் தேர்வு அறிவிக்கையில் எழுதியே இருக்கும். 59.7-ஐ 60 என்று நிரப்பிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டால் தேர்வில் வாங்கிய மார்க் எதுவும் காப்பாற்றாது.

---

வடமராட்சி பதில்:

இலங்கைப் பக்கத்தில் இருந்து ஒரு குறிப்பு. நீங்கள் எல்லோரும் 85, 90 என்று கதைக்கிறீர்கள். எங்கட பல்கலைக்கழகங்களில் பொதுவாக 70 எடுத்தாலே ஏ, 4.0. 65–69 ஏ மைனஸ், 3.7. 60–64 பி பிளஸ், 3.3. 55–59 பி, 3.0. முதல் வகுப்புக்கு அநேகமான இடங்களில் 3.70. எல்லாப் பாடத்திலும் 65 எடுக்கிற பிள்ளைக்கு 3.70 வரும், மற்ற நிபந்தனைகள் சரியென்றால் முதல் வகுப்பு. அதே 65 உங்கட அட்டவணையில் பி பிளஸ், 7.0.

இதில் யாராவது 3.70-ஐ 4-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 92.5 வரும். பிள்ளை எடுத்தது 65. மறுபக்கம், பெறுபேற்றுத் தாளில் 65 என்ற புள்ளியை மட்டும் பார்க்கிற ஆள் "சுமாரான பிள்ளை" என்று ஒதுக்கிவிடுவார். இரண்டுமே பிழை. 70 என்றால் சிறப்பு என்பது பிரித்தானிய வழக்கம், அங்கே விரிவுரையாளர் 80-க்கு மேல் போடவே யோசிப்பார். ஆகவே சதவீதம் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தரும் என்ற நினைப்பை முதலில் விடவேண்டும்.

உயர்தரப் பரீட்சையில் (உங்கட பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு போல) நாங்கள் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறோம். தரம் மூலப் புள்ளியில்: 75-க்கு மேல் ஏ, 65 பி, 55 சி, 35 எஸ். பல்கலைக்கழக அனுமதி மட்டும் 2001 தொடக்கம் இசட் புள்ளியில். பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (ஐம்பதாறு சொன்ன திட்ட விலக்கம்) பிரிப்பது. ஒரு பாடத்தில் சராசரி 45, விலகல் 15 என்றால் 75 எடுத்தவருக்கு 2.0. இன்னொரு பாடத்தில் சராசரி 65, விலகல் 10 என்றால் 80 எடுத்தவருக்கு 1.5. குறைந்த புள்ளி எடுத்தவர் முன்னுக்கு நிற்கிறார், ஏனென்றால் அந்தப் பாடம் கடினம். மூன்று பாடத்தின் சராசரிதான் இறுதி இசட் புள்ளி. மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு விரும்பிய பீடம் கிடைக்காமல் போவதும் இதால்தான். அதிலும் அனுமதி முழுக்கத் திறமை வரிசையில் இல்லை, 40 வீதம்தான் தீவு முழுவதற்குமான தரவரிசை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

இசட் புள்ளியிலும் ஓட்டை இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டுமே எடுக்கிற பாடத்தில் சராசரி உயர்ந்து போகும், அந்தப் பாடம் எளிது என்று கணக்கு நினைத்துக்கொள்ளும். ஐம்பதாறு சொன்ன எலெக்டிவ் பிரச்சினைதான் இது.

---

அரைப்புள்ளி பதில்:

எல்லோருக்கும் நன்றி. அடுத்து ஒரு சந்தேகம். ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பவர்கள், நம் மதிப்பெண்ணை அந்த நாட்டு அளவுக்கு மாற்றப் பவேரியச் சூத்திரம் என்கிறார்கள். அதில் குறைந்தபட்சத் தேர்ச்சி என்ற இடத்தில் 5 போடுவதா 6 போடுவதா? 2017 பேட்ச்சில் தேர்ச்சியின் கடைசிக் கிரேடே 6 ஆச்சே.

---

படிவம்நிரப்பி பதில்:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். சூத்திரம்: உச்சத்திலிருந்து உங்கள் எண்ணைக் கழித்து, அதை உச்சம் கழித்தல் குறைந்தபட்சத் தேர்ச்சியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்டு. ஜெர்மனியில் 1.0 சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. எண் சிறியதாக வருவதுதான் நல்லது.

சிஜிபிஏ 8.0-க்கு, குறைந்தபட்சம் 5 என்று போட்டால் 2-ஐ 5-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்ட 2.2. 6 என்று போட்டால் 2-ஐ 4-ஆல் வகுத்து அதே வழியில் 2.5. பல முதுநிலைப் படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. 7.9 இருப்பவருக்கு 5 போட்டால் 2.26, 6 போட்டால் 2.575. ஒன்றில் உள்ளே, இன்னொன்றில் வெளியே.

கணக்குப்படி 6 சரி போலத் தோன்றும். ஆனால் தேர்ச்சி நிர்ணயிக்கப்படுவது 50 மார்க்கில். 6 என்பது அந்த 50-ஐ மேலே தூக்கிக் கொடுத்த புள்ளி. 50-ஐ 5 என்று வாதாட இடம் உண்டு. உங்களுக்குத் தோன்றியதைப் போடாதீர்கள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி என்று என்ன அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் அங்கே எடுப்பார்கள். அச்சில் இல்லையென்றால் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள்: உச்சப் புள்ளி எது, குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி எது, அதற்கு நிகரான மார்க் எது, மூன்றும் ஒரே தாளில், முத்திரையோடு. கடிதம் இல்லாமல் அனுப்பினால் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் கிரேடு அட்டவணையின் கடைசி வரியை எடுத்துக்கொள்வார், அந்த வரியில் 6 இருக்கிறது.